எரிந்த பிறகு ஆறும் இலை

செடிக்கும் காற்றுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், மூக்குத்திப் பூண்டு இப்போதுபோல் கண்ட இடத்தில் எல்லாம் முளைக்கவில்லை. ஆற்றோரம் ஒரே ஒரு மேட்டில்தான் இருந்தது. அதன் விதை எள்ளைப் போல வழவழப்பாக இருக்கும். முற்றினால் தாய்ச்செடியின் காலடியிலேயே விழுந்து, அங்கேயே முளைக்கும். பூவுக்கு நீண்ட காம்பும் கிடையாது. இலையோடு இலையாகத் தரையில் பூத்துக் கிடக்கும்.

மேட்டுக்குக் கீழே பாய்க்கோரை அறுக்கிறவர்களின் குடிசைகள் இருந்தன. கோரை அறுக்கிற கைக்கு வெட்டு புதிதல்ல. அரிவாள் பட்டால் மேட்டுக்கு ஓடி நாலு இலையைப் பறித்து, உள்ளங்கையில் கசக்கிச் சாற்றைப் பிழிவார்கள். இரத்தம் நின்றுவிடும். அந்தச் சாறு குளிர்ந்த நீரைப் போல இதமாக இருக்கும். பெண்கள் அதை எண்ணெயில் காய்ச்சித் தலைக்குத் தேய்த்தார்கள். காய்ந்த செடியைப் புகைய வைத்துக் கொசு விரட்டினார்கள். ஆடு தின்றதுபோகவும் மிச்சம் இருந்தது.

அந்த ஊரை ஆண்ட பெருமுடியாருக்கு ஒருமுறை வேட்டையில் தொடை கிழிந்தது. அந்த இலையை வைத்துத்தான் ஆற்றினார்கள். ஆறியதும் அவர் செய்த முதல் வேலை, மேட்டைச் சுற்றி இலந்தை முள்ளால் வேலி போட்டதுதான்.

“இவ்வளவு அருமையான மருந்தை ஆடு மேய்வதா? இனி இது கோட்டைக்குத்தான்” என்றார். வேலிக்கு ஒரு காவல்காரனையும் வைத்தார்.

உலகாயியும் அவள் புருஷன் செவத்தானும் அந்த மேட்டடியில்தான் கோரை அறுத்துப் பிழைத்தார்கள். ஒருநாள் உச்சி வேளையில் சேற்றில் கால் வழுக்கி, செவத்தானின் அரிவாள் அவன் கெண்டைக்காலிலேயே ஆழமாக இறங்கிவிட்டது. உலகாயி முந்தானையைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். கட்டு நனைந்து சொட்டியது.

“ஏய்யா, கண்ணை மூடிராதே. இந்தா வந்துட்டேன்” என்று மேட்டுக்கு ஓடினாள்.

காவல்காரன் கம்பைக் குறுக்கே நீட்டினான். “கோட்டையில் உத்தரவு வாங்கிட்டு வா தாயி. இல்லாமல் விட்டால் என் தலை போயிரும்.”

கோட்டைக்கு ஓடினாள். அங்கே முற்றத்தில் ஆட்டுக்கல் நிறைய அந்த இலையைத்தான் அரைத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு உயிர் வந்தது. பெருமுடியாரின் காலடியில் விழுந்தாள்.

“சாமி, ஒரு கை இலை கொடுங்க. எம்புருஷனுக்கு ரத்தம் நிக்கல.”

“இது என் குதிரைக்கு அரைக்கிறது. சேணம் உரசி முதுகு புண்ணாகிவிட்டது. நாளைக்கு ஊர்வலம் இருக்கிறது, பார்” என்றார் அவர்.

“குதிரைக்குப் போக ஒரு கை, சாமி.”

“இன்று உனக்குக் கொடுத்தால் நாளைக்கு ஊரே வந்து நிற்கும். போ.”

அவள் திரும்பி வந்தபோது, செவத்தான் சாய்ந்திருந்த கோரைக்கட்டு முழுதும் சிவந்திருந்தது. கண்ணை மூடாதே என்றாளே, அவன் மூடவே இல்லை. அவள்தான் மூடிவிட்டாள்.

மண்ணில் இறக்கியாயிற்று. வாய்விட்டு அழு, மனசு ஆறும் என்றார்கள் பெண்கள். “ஆறவேண்டாம்” என்றாள் உலகாயி. அவளுக்கு நெஞ்சில் நெருப்பு இருந்தது. மூன்றாம் நாள் விடிந்ததும் அரிவாளை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனாள். அவள் முகத்தைப் பார்த்த காவல்காரன் கம்பைக் கீழே போட்டுவிட்டு ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அவள் முள்ளை வெட்டி வழி செய்து உள்ளே போய், செடியின் முன்னால் நின்றாள்.

“எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே?”

“பார்த்தேன்” என்றது செடி.

“பார்த்தியே, வந்தியா?”

“வேர் இருக்கிறது தாயே, கால் இல்லையே. என் விதையும் என் காலடியைத் தாண்டாது.”

உலகாயி காற்றின் பக்கம் திரும்பினாள். “நீ எந்த வேலியில நின்னே? கோட்டைக் கறிக்குழம்பு வாசத்தை மட்டும் தினம் தினம் எங்க குடிசைக்குத் தூக்கிட்டு வரத் தெரியுது. ஒரு விதையைத் தூக்கத் தெரியலையா உனக்கு?”

காற்றுக்குச் சுருக்கென்றது. “நான் தூக்கிப் பார்க்காமல் இல்லை. வழுக்குகிறது. பிடித்துக்கொள்ள அதில் ஒன்றுமே இல்லை. ஒரு நார் இருந்தால்கூடப் போதும்.”

உலகாயி யோசிக்கவில்லை. முடிந்திருந்த கூந்தலை அவிழ்த்தாள். மூன்று நாளில் அது பஞ்சாக நரைத்துப் போயிருந்தது. அரிவாளை வைத்துப் பிடரியோடு அறுத்தாள். வெயிலில் உட்கார்ந்து, ஒவ்வொரு விதையின் தலையிலும் துணுக்குத் துணுக்காக அந்த மயிரைக் கட்டினாள். விரல் கன்றிப்போயிற்று. வாய் மட்டும் திட்டிக்கொண்டே இருந்தது. செடியைத் திட்டினாள், காற்றைத் திட்டினாள், குதிரையைக்கூட விடவில்லை.

அவள் படும் பாட்டைப் பார்த்த செடிக்கு வெட்கமாகிவிட்டது. தரையில் கிடந்த அது, பூத்தண்டை ஒரு முழத்துக்கு மேலே நீட்டியது. காற்று குனிந்து விதைகளை அள்ளிக்கொண்டு போயிற்று.

ஒரு மழைதான் பெய்தது. வரப்பு, வண்டிப்பாதை, கிணற்றடி என்று எங்கு பார்த்தாலும் மூக்குத்திப் பூண்டு. கோட்டை முற்றத்தின் கல்லிடுக்கையும் அது விடவில்லை. பெருமுடியார் ஆளை விட்டுப் பிடுங்கச் சொன்னார். பிடுங்க உலுக்கியதில் விதை இன்னும் பறந்தது. கோபம் தலைக்கேறி, அவரே ஓர் ஆளின் அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு முற்றத்தில் இறங்கிக் கண்மண் தெரியாமல் கொத்தினார். மூன்றாவது கொத்து அவருடைய இடது மணிக்கட்டில் விழுந்தது.

இரத்தம் பீறிட்டது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் உலகாயியும் நின்றிருந்தாள். அவர் கீழே விழுந்த இடத்தில், கன்னத்தை உரசிக்கொண்டு அந்தச் செடி நின்றது. அவர் வலது கையால் இலையைப் பறிப்பதைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது.

“இவனுக்குமா கொடுப்பே?” என்று கத்தினாள்.

“ஒழுகுகிற கைக்கு நான் பெயர் கேட்பதில்லை தாயே. கேட்கத் தொடங்கினால், நானும் ஒரு வேலிதான்.”

உலகாயி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். செடி சொன்னது அவளுக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அவரை மன்னிக்க முடியவில்லை.

“சரி, கொடு. ஆனா சும்மா ஆத்தாதே. எரியட்டும். எனக்கு எரிஞ்சது ஒரு நொடியாவது தெரியட்டும்.”

“இவருக்கு மட்டும் என்று என்னால் எரிக்க முடியாது. உனக்கும் எரியும், உன் சனத்துக்கும் எரியும்.”

“எரியட்டும்.”

சாறு பட்டதும் பெருமுடியார் கோட்டையே கேட்க அலறினார். பிறகு இரத்தம் நின்றது. உலகாயி அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்காமல் கோரை அறுக்கப் போய்விட்டாள்.

மூக்குத்திப் பூண்டின் சாற்றை வெட்டுக்காயத்தில் பிழிந்தால் முதலில் சுரீரென்று எரிந்துவிட்டு அப்புறம்தான் ஆறுகிறதே, அது அன்றைக்குத் தொடங்கியதுதான்.