அட்ஜஸ்ட் பண்ணின பூக்காரி

தப்பா சொல்லிடுவேனோன்னு பயமாத்தான் இருக்கு கண்ணு. எட்டாவதோட நின்னவ நான், இதுல இங்கிலீஷ் வார்த்தை வேற வருது. எங்கயாச்சும் பிசகினா நாளைக்கு டீச்சர்கிட்ட போய்ச் சொல்லிடாத. ம் கொட்டு.

ஒரு ஊர்ல ஒரு பூக்காரி இருந்தா, பேரு அங்கம்மா. பஸ் ஸ்டாண்டு சுவத்துல முதுகைச் சாய்ச்சு, காலை நீட்டி உக்காந்து, பன்னெண்டு வருஷமா பூ கட்டி வித்தா.

அப்போ தனபாலன்னு ஒருத்தன் ஜூஸ் கடை போட வந்தான். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கக்கா"ன்னான். போனாப் போகுதுன்னு அவ ஒரு முழம் முன்னால நகந்தா. காலியான இடத்துல அவன் சோடாப் பெட்டியை அடுக்கிட்டான். பாரேன் அநியாயத்த!

அப்புறம் வடைக் கடைக்காரன் வந்தான். எண்ணெய் தெறிக்குமாம், அவனும் அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னான். இன்னொரு முழம். அப்புறம் செல்போன் கவர் விக்கிறவன் குடையை விரிச்சான். அவனுக்கும் அதே வார்த்தை, அதே ஒரு முழம். மூணு பேர்ல ஒருத்தனாவது அரை அடி நகந்தானா? இல்லையே.

ம்... கேக்குறியா?

இப்போ அங்கம்மா பஸ் திரும்புற ரோட்டுலயே உக்காந்திருந்தா. ஒருநாள் காலையில ஒரு பஸ்ஸு கிர்ர்ருனு பின்பக்கமா நகந்து வந்துச்சு. கண்டக்டர் பட் பட்னு தட்டுறதுக்குள்ள, நறுக்! பூக்கூடை டயருக்கு அடியில. காலை வெடுக்குனு இழுத்துக்கிட்டதால கால் தப்பிச்சுது.

அதுக்கு தனபாலன் என்ன சொன்னான் தெரியுமா? பாத்து அட்ஜஸ்ட் பண்ணி உக்காரக் கூடாதான்னு அவளையே கேட்டான். எனக்கு இப்ப நெனச்சாலும் வயிறு எரியுது.

அப்போ தினம் பூ வாங்குற காலேஜ் பொண்ணு ஜெனிட்டா ஓடி வந்தா. ஏங்க்கா ரோட்டுல உக்காந்தீங்கன்னு கேட்டா. எல்லாரும் அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னாங்கன்னு இவ அழுதா.

"அக்கா, அது லத்தீன்ல பொறந்து, பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்த வார்த்தை. பக்கத்துல கொண்டுவந்து சேக்குறதுன்னு அர்த்தம்னு எங்க மிஸ் சொன்னாங்க. ஒருத்தரையே தள்ளிக்கிட்டுப் போறதுக்குப் பேரு அது இல்ல."

அங்கம்மா கண்ணைத் தொடச்சுக்கிட்டு எந்திரிச்சா. பூ அளக்குற கையாலேயே சுவத்துலருந்து தரையை அளந்தா. ஒண்ணு, ரெண்டு, மூணு. அப்புறம் மூணு கடைக்காரங்க பக்கமும் திரும்பினா.

"மூணு முழம் நான் வந்திருக்கேன். நீங்க எத்தனை முழம் வந்தீங்க?"

"பூக்காரம்மா இங்கிலீஷ் படிச்சிட்டு வந்திருக்கு டோய்"னு தனபாலன் சிரிச்சான்.

"படிக்கல தம்பி. மூணு பேரும் சொல்லிச் சொல்லியே பாடமாயிடுச்சு."

வடைக்காரன் தலையைக் குனிஞ்சு அடுப்பைத் தள்ளி வச்சான். கவர்க்காரனும் குடையைச் சுருக்கினான். தனபாலன் மட்டும் அசையல.

அப்போ அங்கம்மா என்ன செஞ்சா? அவன் சோடாப் பெட்டியை ஒவ்வொண்ணா, டொக், டொக், டொக்குனு தூக்கி அவன் கடை வாசல்லயே வச்சா. சுவத்தோட முதுகை ஒட்டி, காலை உள்ள மடக்கி உக்காந்தா. அப்புறம் யாரு வந்து எவ்வளவு கெஞ்சினாலும் அவ எந்திரிக்கவே இல்ல.

கதையக் கட்டி வாழைநாரையும் அறுத்தாச்சு. கண்ணை மூடு.