கசக்காத பரம்பரை

ஓணாம்பாக்கம் ஜமீன்தார் வல்லவராயருக்கு நாக்குதான் பெருமை. பச்சைப் பாகற்காயை வெல்லக்கட்டி மாதிரி மென்று தின்றுவிட்டு மீசையை முறுக்குவார். "என் தாத்தா முகம் சுளிச்சதில்லை, என் அப்பா சுளிச்சதில்லை. இது வீரப் பரம்பரை!"

ஒருநாள் அரண்மனைச் சமையற்கட்டு ஆட்களையெல்லாம் வரிசையாக நிறுத்தி நிலவேம்புக் கஷாயம் குடிக்க வைத்தார். சமையல்காரி வெள்ளச்சியின் முகம் பிழிந்து போட்ட துணி மாதிரி ஆகிவிட்டது.

"கோழைக்கு இங்கே இடமில்லை. நாளைக்கே மூட்டையைக் கட்டு!"

"கட்டிடுறேன் எசமான். இன்னைக்கு உங்க சம்பந்திக்கு விருந்து. பச்சடிக்கு வெள்ளரிக்காயைக் கடிச்சுப் பார்த்து, கசக்கிறதைத் தள்ளணும். கோழை நாக்கை நம்பலாமா? வீர நாக்கே பார்த்துச் சொல்லட்டும்."

ஜமீன்தார் நாற்பது காயையும் கடித்தார். "எல்லாம் தேன்! ஒண்ணைக்கூடத் தள்ளாதே!"

பந்தியில் சம்பந்தி பச்சடியை ஒரு வாய் வைத்தார். அடுத்த நொடி அது ஜமீன்தாரின் பட்டுத் தலைப்பாகையில் இருந்தது.

"பொண்ணு கொடுத்தவனுக்கு விஷமா?"

ஜமீன்தார் தானும் ஒரு வாய் தின்று பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு?"

"விஷமில்லைங்க," என்றாள் வெள்ளச்சி. "எசமான் பரம்பரைக்கே கசப்பு தெரியாது. எதிரியே வராத கோட்டையை மூணு தலைமுறையா வீரமாக் காவல் காத்திருக்காங்க!"

பந்தியே இலையை மறந்து சிரித்தது. வெள்ளச்சி மூட்டை கட்டவில்லை. இப்போதெல்லாம் ஜமீன்தார் பாகற்காயைக் கடித்ததும் ஓரக்கண்ணால் அவள் முகத்தைப் பார்ப்பார். அவள் சுளித்தால், "அப்பப்பா, என்ன கசப்பு!" என்று தானும் சுளித்துக்கொள்வார்.