இந்த வாளி யாருக்கு?

கல்யாணச் சமையலில் பேர்போன பொன்னுரங்கத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு: ஒரு பந்திக்கு ஒரே பாயசம்.

ரைஸ்மில் முதலாளி நாச்சிமுத்து, தன் மகள் கல்யாணத்தில் அதை உடைக்கப் பார்த்தார். "பெரிய மனுசனுக்கு முந்திரிப் பாயசம், மத்தவனுக்குத் தண்ணிப் பாயசம். ஒரே பந்தியில ரெண்டும் போகோணும். மாட்டேன்னா, இந்த ஊர்ல இனி நீ கரண்டி பிடிக்க முடியாது" என்றார்.

"ஆகட்டுங்க. ஆனா யாரு பெரியவங்கன்னு எனக்குத் தெரியாதுங்களே. நீங்களே கூட வந்து ஆளாளுக்குச் சொல்லிருங்க."

பந்தி உட்கார்ந்தது. முதல் இலையில் மில்லில் மூட்டை தூக்கும் மாரப்பன். இரண்டு கையிலும் வாளியோடு நின்ற பொன்னுரங்கம் சத்தமாகவே கேட்டார்: "இவருக்கு முந்திரிங்களா, தண்ணிங்களா?"

பந்தியே திரும்பிப் பார்த்தது. மாரப்பன், "பாப்பா நல்லா இருக்கோணும் மொதலாளி" என்று கும்பிட்டார். நாச்சிமுத்து, "முந்திரிதான்" என்றார். அடுத்த இலையில் மனைவியின் ஏழைத் தம்பி. பின்னால் மனைவியே நின்றுகொண்டிருந்தாள்.

"முந்திரி! முந்திரி!"

இப்படியே எல்லாப் பந்தியும் எழுந்தது. முந்திரிப் பாயசம் காலி. தண்ணிப் பாயச வாளி மட்டும் தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது.

"இந்த வாளி யாருக்குங்க?"

பசியோடு இலை முன்னால் உட்கார்ந்த நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கே ஊத்துய்யா!"

ஊற்றினார் பொன்னுரங்கம். பிறகு பக்கத்திலேயே ஓர் இலையைப் போட்டு உட்கார்ந்து, தனக்கும் அதையே ஊற்றிக்கொண்டார்.

"ஒரு பந்திக்கு ஒரே பாயசந்தானுங்க."