காலியான பால் பை

தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள். இந்தக் கதையில் கெட்டவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. அதுதான் இதிலுள்ள கொடுமை.

சென்னையின் ஓரத்தில், பன்னிரண்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடி அது. எல்லாரும் வாடகைக்கு இருப்பவர்கள். படியில் எதிரே வந்தால் செல்போனைப் பார்த்தபடி ஒதுங்குகிற ரகம். இரண்டாம் மாடியில் தனியாக இருந்த ஒருவர் மாரடைப்பில் இறந்தபோது, மூன்றாம் நாள் நாற்றம் வந்துதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

முதல் மாடி ஜெசிந்தாவுக்கு அது தாங்கவில்லை. முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். வீடு வீடாக ஏறி இறங்கி ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாள். எல்லா வீட்டுக் கதவிலும் ஒரு பை தொங்கும். விடியற்காலையில் பால்காரர் அதில் பால் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போவார். எட்டு மணிக்குள் பாலை உள்ளே எடுத்துவிட வேண்டும். வாரம் ஒரு வீட்டார் முறைவைத்து எட்டு மணிக்கு மாடி ஏறிப் பார்ப்பார்கள். பையில் பால் இருந்தால் கதவைத் தட்ட வேண்டும்.

தட்டப்போன இடத்தில் பேச்சு வந்தது, காபி வந்தது, சாவி கொடுத்து வைக்கிற நம்பிக்கையும் வந்தது. ஜெசிந்தாவின் வீட்டுக்கு நேர் மேலே தனியாக இருந்த சபாநாயகத்துக்கு எழுபத்தொரு வயது. அவளைப் பார்க்கும்போதெல்லாம், "பையைக் காலி பண்ணிட்டேன் சிஸ்டர், இன்னிக்கும் உயிரோடதான் இருக்கேன்" என்று சிரிப்பார்.

இறந்தவரின் வீடு ஒரு வருஷம் பூட்டிக் கிடந்து, பிறகு அதற்குச் சங்கவி என்ற பெண் புதுக்கணவனோடு குடிவந்தாள். சபாநாயகத்துக்கு எதிர்வீடு. பால் காய்ச்சிய அன்று ஜெசிந்தா ஒரு பையைக் கொடுத்து, "எட்டு மணிக்குள்ள பாலை எடுத்துடும்மா" என்றாள். ஏன் என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. நல்ல நாளும் அதுவுமாக, இந்த வீட்டில்தான் ஒருவர் செத்துக் கிடந்தார் என்று எப்படிச் சொல்வது? அப்புறம் சொல்லலாம் என்று விட்டாள். இரண்டு மாதம் ஓடிவிட்டது, மாடி ஏறிப் பார்க்கும் முறையும் அவர்களுக்கு இன்னும் வரவில்லை.

மே மாதத்தில் ஒரு நாள். காலை ஏழரைக்கு வேலைக்குக் கிளம்பிய சங்கவி, எதிர்வீட்டுப் பையில் பால் இருப்பதைப் பார்த்தாள். பெரியவர் தூங்குகிறார் போலும், வெயிலில் பால் திரிந்துவிடுமே என்று எடுத்துத் தன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தாள்.

எட்டு மணிக்கு அந்த வார முறைக்காரர் வேதமூர்த்தி வந்தார். சபாநாயகத்தின் வாசலில் பேப்பர் எடுக்கப்படாமல் கிடந்தது. பை காலியாக இருந்தது. விதியில் பேப்பரைப் பற்றி எதுவும் இல்லை. இறங்கிப் போய்விட்டார்.

ஒன்பது மணிக்கு ஜெசிந்தா, மேலிருந்து வரும் பாத்ரூம் குழாயில் டங் டங் என்று சத்தம் கேட்டாள். நின்றது. மறுபடியும் கேட்டது. மனசு கேட்காமல் படியேறிப் போனாள். பை காலி. ஏதோ ரிப்பேர் பார்க்கிறார் என்று நிம்மதியாகத் திரும்பினாள்.

சாயங்காலம் பாலை எடுத்துக்கொண்டு சங்கவி மணியடித்தாள். கதவு திறக்கவில்லை. உள்தாழ்ப்பாளை உடைத்துப் பார்த்தபோது சபாநாயகம் பாத்ரூமில் கிடந்தார், கையில் பித்தளைச் செம்போடு. காலையில் வழுக்கி விழுந்திருக்கிறார், பத்துப் பதினோரு மணிவரை உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

அடக்கம் முடிந்து கீழே எல்லாரும் கூடினார்கள். "நான் பாலை எடுக்காம இருந்திருந்தா தாத்தா பொழைச்சிருப்பாரே ஆன்ட்டி" என்று சங்கவி அழுதாள். "பேப்பரைப் பார்த்தும் வந்துட்டேன் சிஸ்டர்" என்று வேதமூர்த்தி தலையில் அடித்துக்கொண்டார். ஜெசிந்தா மாடியிலிருந்து சுவரோரம் இறங்கும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூவரும் அந்தக் கதவின் முன் நின்றவர்கள்தான். மூவரில் யார் செய்தது பெரிய தவறு?

விடை: சங்கவி பையின் அர்த்தம் தெரியாதவள். அவளுக்கு அதைச் சொல்லாதவள் ஜெசிந்தா. வேதமூர்த்தி கண்டது ஒரு பேப்பரை. ஜெசிந்தாவோ அந்த மனிதர் கூப்பிட்டதையே காதால் கேட்டாள். கேட்டும் பையை நம்பினாள். பால் இருந்தால் தட்டு என்றுதான் விதி சொன்னது, இல்லாவிட்டால் தட்டாதே என்று சொல்லவில்லை. பை இல்லாத காலமாக இருந்தால் அந்தச் சத்தத்துக்கு அவள் கதவைத் தட்டியிருப்பாள். தவறு அவளுடையதுதான், அது அவளுக்கும் தெரியும். மறுநாளே சங்கவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இப்போதெல்லாம் காலையில் பாத்ரூமுக்குள் போனதும் குழாயைத் திறப்பதில்லை. கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் திறக்கிறாள். மேல்வீட்டுக்கு இன்னும் யாரும் குடிவரவில்லை.