எட்டாத ஸ்வரம்

பெரம்பூரில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் டெரிக் ஜாஸ் பாட்டு சொல்லிக்கொடுத்தார். அவருக்கு முப்பது வயது. அவரிடம் படிக்க வந்த மனோன்மணி அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். மெல்லிசை மேடைகளில் பாதி ஆயுளைக் கழித்தவர். ஆனாலும் வந்த முதல் நாளே டெரிக்கை "மாஸ்டர்" என்று கூப்பிட்டுவிட்டார்.

ஜனங்களுக்கு மனோன்மணி என்றால் ஒரே ஒரு பாட்டு. அந்தப் பாட்டு என்றால் கடைசி வரியின் உச்சியில் அவர் பிடிக்கும் ஒரே ஒரு ஸ்வரம். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அதுதான் எட்டவில்லை. சுருதியைக் குறைத்துப் பார்த்தார். மேலே எட்டியபோது கீழ் ஸ்வரங்கள் தரை தட்டின.

"மாஸ்டர், அது திரும்ப வருமா?"

"வராதுக்கா."

மனோன்மணி அழுதுவிட்டார். எந்த டாக்டரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

"அப்போ நான் பாடினதெல்லாம் அவ்வளவுதானா?"

டெரிக் பியானோ முன்னால் உட்கார்ந்தார். "அந்தப் பாட்டையே பாடுங்க. ஜாஸ்ல மெட்டை அப்படியே பாடணும்னு கட்டாயம் இல்ல. அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்குங்க. அப்புறம் கீழேர்ந்து சேர்ந்துக்கலாம்."

"மூடிக்கிறதா? ஜனங்க அதுக்குத்தானே மாஸ்டர் வராங்க!"

"வரட்டும்."

மனோன்மணி பாடினார். அந்த இடத்தில் மெல்ல முனகினார். டெரிக் வாசிப்பதை நிறுத்தினார்.

"இப்ப என்ன பண்ணீங்க?"

"சும்மாதான்... வெறுமையா இருக்கேன்னு."

"வெறுமையாவே இருக்கட்டும்."

மறுபடி பாடினார். இந்தத் தடவை முனகவில்லை. கையை மேலே தூக்கிக் காட்டினார். டெரிக் நிறுத்தினார். அடுத்த தடவை சிரித்து மழுப்பினார். அதற்கும் நிறுத்தினார். சும்மா இருக்கக் கற்றுக்கொள்ள அந்த அம்மாவுக்கு ஒரு மழைக்காலமே பிடித்தது. வாயுள்ளவர்களுக்கு அதுதானே கஷ்டம்.

தை பிறந்ததும் ஒரு சின்ன அரங்கத்தில் கச்சேரி. டெரிக் பியானோ, கூட டிரம்ஸும் பேஸ் கிடாரும். சொதப்பினால் இனி மைக்கைத் தொடுவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார் மனோன்மணி.

கடைசி வரி வந்தது. குரல் ஏறிக்கொண்டே போய் உச்சிக்கு ஒரு படி முன்னால் நின்றது. பியானோவும் கிடாரும் நின்றன. டிரம்ஸ் மட்டும் மெல்ல நடந்தது. மனோன்மணி முனகவில்லை, கை தூக்கவில்லை, சிரிக்கவில்லை. பிறகு கீழே இறங்கி, தாழ்ந்த குரலிலேயே பாட்டை முடித்தார்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

அரங்க வாசலில் ஒரு பெரியவர் அவரை மறித்தார். கண் கலங்கியிருந்தது.

"அம்மா, திருச்சி பொருட்காட்சியில இதே பாட்டைக் கேட்டவன் நான். சத்தியமா சொல்றேன், அந்த உச்சி ஸ்வரம் இன்னிக்கும் இம்மி குறையலம்மா! அப்படியே பிடிச்சீங்க."

மனோன்மணி அவரைக் கும்பிட்டு அனுப்பிவிட்டு டெரிக்கிடம் ஓடி வந்தார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"மாஸ்டர், அதை நான் பாடவே இல்லையே! அவர் கேட்டேன்னு சத்தியம் பண்றாரு. அப்போ யாரு பாடினது?"

டெரிக் மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"அவர்தான்க்கா."