பாண்டீஸ்வரிக்குக் கொடுத்த பந்து

ஒன்பது வருஷம் ஒரே மாதிரி தோற்பதற்கும் ஒரு தனித்திறமை வேண்டும். தேனிப் பக்கம் இருக்கும் அந்தப் பெண்கள் கல்லூரியின் கூடைப்பந்து அணியிடம் அது தாராளமாக இருந்தது. காலை பஸ்ஸில் கிளம்புவார்கள். மத்தியானம் முதல் ஆட்டத்தில் தோற்பார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு விடுதிக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். விடுதிச் சமையல்காரம்மா அன்றைக்கு அவர்களையும் சேர்த்தேதான் உலை வைப்பார். ஒரு வருஷம்கூட அந்த அம்மாவின் கணிப்பு தப்பியதில்லை.

முதல்வர் அறையின் கண்ணாடி அலமாரியில் கோலப் போட்டியில் வாங்கிய கேடயம் ஒன்று இருந்தது. விளையாட்டில் வாங்கியது என்று காட்ட ஒரு ஸ்பூன்கூடக் கிடையாது.

நாகஜோதி அணியின் கேப்டன். மூன்றாம் வருஷம் பி.காம். அவளைப் போலத் தூரத்தில் நின்று கூடைக்குள் பந்து போட அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. வருகிற மார்ச்சோடு படிப்பு முடிகிறது. அதற்குள் ஒரு கப், ஒன்றே ஒன்று, வாங்கிவிட வேண்டும். வீரபாண்டி கௌமாரியம்மனிடம் அவள் கேட்டதும் அது ஒன்றைத்தான்.

மரகதம் மேடம் அவர்களுடைய விளையாட்டு ஆசிரியை. நாற்பது வயது. ஒரு வாக்கியம் கேட்டால் ஒரு வார்த்தை தருவார். அதுவும் நல்ல மனநிலையில் இருந்தால்.

மண்டலப் போட்டிக்குத் திண்டுக்கல் போகும் அன்று, பஸ் ஸ்டாண்டில் வைத்து நாகஜோதி அவரிடம் கேட்டாள்.

"மேம், ஒண்ணு கேக்கவா?"

"ம்."

"நம்ம ஏன் எப்பவும் மொத மேட்ச்லயே தோக்குறோம்?"

மேடம் அவளை ஒருமுறை பார்த்தார்.

"உன் பையைத் திற."

திறந்தாள். ஒரு துண்டு, ஒரு சீப்பு, தண்ணீர் பாட்டில், பாதி தின்ற முறுக்குப் பொட்டலம்.

"போட்டி எத்தனை நாள்?"

"மூணு நாள் மேம்."

"மாத்துத் துணி எங்க?"

நாகஜோதி முழித்தாள். "சாயங்காலம் திரும்பிருவோம்ல மேம்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. பின்னால் நின்ற பதினொரு பேரும் சத்தமில்லாமல் தங்கள் பைகளை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டார்கள். மேடம் ஒன்றையும் திறக்கச் சொல்லவில்லை.

"விடுதிக்குப் போய் மூணு நாளைக்குத் துணி எடுத்துட்டு வாங்க."

"பஸ் போயிரும் மேம்."

"அடுத்த பஸ் இருக்கு."

மூன்று நாள் துணியைச் சுமந்துகொண்டு போய், அன்று சாயங்காலமே அதைச் சுமந்துகொண்டு விடுதிக்குள் நுழைவதென்றால் மானம் போகிற காரியம். வாட்ச்மேனில் ஆரம்பித்து எல்லாரும் சிரிப்பார்கள். பிள்ளைகள் அந்தப் பயத்திலேயே முதல் ஆட்டத்தை ஜெயித்தார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். இரண்டாவதை எப்படி ஜெயித்தோம் என்று அவர்களுக்கே புரியவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் நாகஜோதி ஒருத்தியே இருபத்தெட்டு புள்ளி எடுத்தாள். எல்லாத் துணியையும் அழுக்காக்கிக்கொண்டு, மண்டலத்தில் முதலிடம் என்ற செய்தியோடும் ஒரு சான்றிதழோடும் ஊர் வந்து சேர்ந்தார்கள்; கப் என்பது மாநிலப் போட்டியில்தான். வீணாய்ப் போன ஒரு வேளைச் சோற்றுக்காகச் சமையல்காரம்மா பத்து நிமிஷம் திட்டினார். பிறகு அவரே கேசரி கிண்டினார்.

அடுத்து மாநிலப் போட்டி. அதற்கு இரண்டு மாதம் இருந்தது. அங்கே வரும் அணிகளில் எல்லாரும் உயரமான பெண்கள். ஆகவே அதுவரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த பாண்டீஸ்வரி ஆட வேண்டிய நிலைமை வந்தது.

பாண்டீஸ்வரி தேவாரத்துப் பிள்ளை. தாவரவியல் முதல் வருஷம். ஆறடிக்கு இரண்டு விரல்கடை குறைவு. நூலகத்தில் ஏணி இல்லாமல் மேல்தட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டிருந்தவளை மேடம் பார்த்துவிட்டு, கையோடு மைதானத்துக்குக் கூட்டிவந்துவிட்டார். வரச் சொன்னால் வருவாள். ஓடச் சொன்னால் ஓடுவாள். நிறுத்து என்று சொல்ல மறந்தால் ஓடிக்கொண்டே இருப்பாள். தானாக ஒன்றைச் செய்தாள் என்று யாரும் பார்த்ததில்லை. பந்து கைக்கு வந்தால் மட்டும் பல்லி விழுந்ததுபோல உதறிவிடுவாள்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள் நாகஜோதி. கப் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. இந்த நெட்டைப் பிள்ளை அதைத் தட்டிவிட்டுவிடுவாளோ என்று அவளுக்குப் பயம்.

ஒருநாள் பயிற்சி முடிந்து எல்லாரும் வாசல் டீக்கடையில் நின்றபோது மேடத்திடம் போனாள்.

"மேம், பாண்டிக்கு நான் சரியாத்தான் குடுக்குறேன். அவதான் விட்டுடுறா. வேற ஆளை எறக்குங்க மேம்."

மேடம் கடைக்காரரிடமிருந்து ஒரு டீயை வாங்கி அவளிடம் நீட்டினார். விளிம்பு வரை தளும்பும் கண்ணாடி கிளாஸ்.

"இதை அவகிட்ட குடு."

நாகஜோதி கிளாஸின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். பாண்டீஸ்வரி கை நீட்டினாள்.

"சுடும், பாத்துப் பிடி. பிடிச்சிட்டியா?"

"இருங்கக்கா... ம், பிடிச்சிட்டேன்."

"விட்டுடவா?"

"விடுங்கக்கா."

விட்டாள். திரும்பி வந்தாள்.

"உடனே ஏன் விடல?" என்றார் மேடம்.

"அவ பிடிச்சாளா இல்லையான்னு பாக்கணும்ல மேம்? கொட்டிருச்சுன்னா?"

மேடம் தன் டீயைக் குடிக்க ஆரம்பித்தார். குடித்து முடித்தார். வீட்டுக்குப் போய்விட்டார். நாகஜோதி அங்கேயே நின்றாள். அவளுடைய டீ ஆறிப்போனது.

மறுநாள் காலை, அணிக்கு வந்து ஆறு மாதமான அந்தப் பிள்ளையின் கைகளை முதல்முறையாக உற்றுப் பார்த்தாள் நாகஜோதி. வலது கையில் கடைசி இரண்டு விரலும் மடங்கவில்லை.

"என்னடி இது?"

"சின்னதுல கதவிடுக்குல மாட்டிருச்சுக்கா."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலக்கா."

அதில் குறையும் இல்லை, குத்தலும் இல்லை. அதனால்தான் நாகஜோதிக்கு ரொம்பச் சுட்டது. அன்றிலிருந்து அவள் கொடுத்த பந்தெல்லாம் பாண்டீஸ்வரியின் இடது தோளுக்குக் கொஞ்சம் கீழே போயின. முகத்தை நேராகப் பார்த்து, அவள் தயாரா என்று கண்ணாலே கேட்டுவிட்டுத்தான் கொடுத்தாள். பத்து நாளுக்குப் பிறகு அந்தப் பிள்ளை ஒன்றைக்கூட விடவில்லை. பிடித்த பந்தைக் கூடைக்குள் போடுவதில்தான் இன்னும் தகராறு. பாதி விழும், பாதி விழாது.

மாநிலப் போட்டி கோயமுத்தூரில் நடந்தது. இந்த முறை யாரும் சொல்லாமலே நான்கு நாள் துணி எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி சோப்புக் கட்டியே கொண்டுவந்திருந்தாள். முதல் நாள் ஜெயித்தார்கள். இரண்டாம் நாள் ஜெயித்தார்கள். அரையிறுதியில் தோற்க வேண்டிய ஆட்டத்தை நாகஜோதி தனியாளாய் இழுத்துக் கரை சேர்த்தாள். தேனியிலிருந்து போன் மேல் போன். முதல்வரே பேசினார். பேசும்போது அவருக்குக் குரல் தடுமாறியது.

இறுதியில் எதிரே நின்றது, ஏழு வருஷமாகக் கோப்பையைத் தன் வீட்டுப் பாத்திரம்போல வைத்திருந்த ஒரு கல்லூரி. அவர்களுக்குத் தனி பஸ், தனி டாக்டர். நம் பிள்ளைகளுக்கு ஒரு சோப்புக் கட்டி. ஆனாலும் கடைசி வரை விடாமல் ஒட்டிக்கொண்டே வந்தார்கள். ஒன்பது விநாடி மிச்சம் இருந்தபோது ஒரே ஒரு புள்ளிதான் பின்தங்கியிருந்தார்கள். ஒரு கூடை விழுந்தால் கப்.

மேடம் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்டார். எல்லாரும் அவரைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள்.

"மேம், கடைசிப் பந்தை யாரு போடட்டும்?" என்றாள் நாகஜோதி. மூச்சு வாங்கியது.

மேடம் ஒரு துண்டை எடுத்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"உள்ள போய்ப் பாரு."

கல்லுளிமங்கி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே உள்ளே போனாள் நாகஜோதி.

பந்து அவளிடம்தான் வந்தது. வந்ததும் இரண்டு பேர் அவளை மறித்தார்கள். அவள் நின்ற இடம் அவளுக்கு மிகப் பழக்கமான இடம். இரண்டு பேர் என்ன, நாலு பேர் மறித்தாலும் அங்கிருந்து எம்பிப் போட்டால் பத்துக்கு எட்டு விழும். எம்பவும் எம்பினாள். அப்போதுதான் பாண்டீஸ்வரியைப் பார்த்தாள். இரண்டு பேரும் இங்கே வந்துவிட்டதால் கூடைக்குக் கீழே அவள் தனியாக நின்றாள். கைகளை நெஞ்சுக்கு இடப்பக்கம் குவித்து வைத்துக்கொண்டு நாகஜோதியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாகஜோதி பந்தை அவளுக்குக் கொடுத்தாள். கை தானாகக் கொடுத்துவிட்டது என்று பிறகு எல்லாரிடமும் சொன்னாள். அது பொய். பார்த்துத்தான் கொடுத்தாள்.

பாண்டீஸ்வரி சுத்தமாகப் பிடித்தாள். திரும்பினாள். போட்டாள். பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு வெளிப்பக்கம் விழுந்தது. ஆட்டம் முடிந்த மணி அடித்தது.

பாண்டீஸ்வரியை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலாம்போல இருந்திருக்கும். திரும்பி வரும் வழியெல்லாம் கடைசி சீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பழனியில் எல்லாரும் சாப்பிட இறங்கியபோதும் இறங்கவில்லை. நாகஜோதி இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். போய்ப் பேசவில்லை. வாயைத் திறந்தால் ஆறுதல் வருமா, அழுகை வருமா, வேறு ஏதாவது வந்துவிடுமா என்று அவளுக்கே பயமாக இருந்தது.

கல்லூரியோ திருவிழாக் கோலத்தில் இருந்தது. மாநிலத்தில் இரண்டாமிடம் என்றால் சும்மாவா? வாசலில் பேனர் கட்டி, பட்டாசு வெடித்து, மாலை போட்டார்கள். இரண்டாம் பரிசுக் கேடயத்துக்காகக் கோலக் கேடயம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது. எல்லாரோடும் நின்று போட்டோ எடுத்து நாகஜோதிக்குக் கன்னம் வலித்தது. பாண்டீஸ்வரி தலைவலி என்று அறையிலேயே இருந்துவிட்டாள். மேடம் ஒரு வாரம் பயிற்சி கிடையாது என்று அறிவித்தார். நாகஜோதிக்கு இனி எந்த வாரமும் கிடையாது. அவளுடைய ஆட்டம் முடிந்துவிட்டது. அதை நினைத்துக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

மூன்றாம் நாள் காலை பழக்கதோஷத்தில் ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிட்டது. படுக்கப் பிடிக்காமல் மைதானத்துப் பக்கம் நடந்தாள். யாருமில்லாத மைதானத்தில் ஒருமுறை நின்றுவிட்டு வரலாம் என்று எண்ணம்.

பாதி வழியிலேயே பந்துச் சத்தம் கேட்டது.

கூடைக்குக் கீழே பாண்டீஸ்வரி இருந்தாள். அதே இடம். நெஞ்சுக்கு இடப்பக்கம் பந்தை வைத்துக்கொள்கிறாள். திரும்புகிறாள். போடுகிறாள். விழுந்தாலும் விழாவிட்டாலும் ஓடிப்போய் எடுத்து வருகிறாள். மறுபடி திரும்புகிறாள். சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. நாகஜோதி வந்ததை அவள் பார்க்கவே இல்லை.

ஓரத்து சிமென்ட் பெஞ்சில் மரகதம் மேடம் உட்கார்ந்திருந்தார். வீட்டில் கட்டியிருந்த சேலை, கலைந்த தலை. நாகஜோதியைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காரு."

உட்கார்ந்தாள்.

"நீங்க வரச் சொன்னீங்களா மேம்?"

"இல்ல. நேத்தும் வந்தா, இன்னைக்கும் வந்தா. அஞ்சு மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டி, பந்து ரூம் சாவி குடுங்க மேம்னு நிக்கிறா."

இருவரும் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரிசையாக நாலு விழுந்தது. ஐந்தாவது விழவில்லை. பாண்டீஸ்வரி ஓடினாள்.

"மேம்."

"ம்."

"அன்னைக்கு நானே போட்டிருந்தா விழுந்திருக்குமா?"

"விழுந்திருக்கும்."

ஒரு பேச்சுக்காவது இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாகஜோதி விடாமல் கேட்டாள்.

"அப்ப கப் நமக்கு வந்திருக்கும்ல மேம்?"

மேடம் அவள் தோளில் கை போட்டுக்கொண்டார். கண் மட்டும் கூடைப் பக்கமே இருந்தது.

"வந்திருக்கும். அந்தப் பிள்ளை இந்நேரம் தூங்கிக்கிட்டு இருக்கும்."