முதல் போணி

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் எம்.டி. குழந்தைவேலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. யாரோ வேலையை விட்டுப் போகப்போகிறார்களாம், யாரென்று தெரியவில்லை. ஆட்களைத் தனித்தனியே ஒரு ரூமில் உட்காரவைத்து, வெளியே சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்து மனம் விட்டுப் பேசவைக்கும் கோச் எஸ்தரைக் கூப்பிட்டார். முதலாளியான மாமனாரும் அங்கே காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

“அந்த ரூம்ல யார் என்ன சொன்னாங்க? ஒண்ணு விடாமச் சொல்லோணும். இல்லீன்னா நாளைக்கு வராதே!” என்று குழந்தைவேல் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

“சொல்றேனுங்க சார். வந்த வரிசையிலயே சொல்லட்டுங்களா?”

“எப்படியோ சொல்லித் தொலை!”

“ரூமைத் திறந்த அன்னிக்கு, ‘முதல் போணி என் கையால ஆகட்டும்’னு நீங்கதானுங்க முதல்ல உக்காந்து பேசினீங்க. அதிலிருந்தே ஆரம்பிக்கட்டுங்களா?”

குழந்தைவேலின் கால் நின்றுவிட்டது. மாமனார் டம்ளரை வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“மாப்பிள்ளை அப்படி என்னம்மா சொன்னார்?”

எஸ்தர் வாயைத் திறப்பதற்குள் குழந்தைவேல் பாய்ந்தார். “அதெப்படீங்க மாமா! ரூம்ல பேசுனதை வெளிய சொன்னா அப்புறம் யாருங்க நம்பி வருவாங்க?”

“அதைத்தான் நானும் சொல்ல வந்தேனுங்க” என்றாள் எஸ்தர்.

அன்று சாயங்காலமே அந்த ரூம் கதவுக்கு உள்தாழ்ப்பாள் வந்தது. போடச் சொன்னவர் எம்.டி.